எரிகோ வழியில் ஓர் ஆய்வு

நல்ல சமாரியன் உவமையைப் பற்றிப் பேசச் செல்பவன், வழியில் முனகிக் கிடப்பவனைக் கடந்து போவானா? இவ்வினாவிற்கு விடை காண ஜான் டார்லி, டேனியல் பேட்சன் என்னும் உளவியலார் இருவர், 1970 டிசம்பரில் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரி மாணவர் 40 பேரைக் கொண்டு ஓர் ஆய்வை அமைத்தனர். ஒரு சாரார் அவ்வுவமை பற்றியும், மற்றவர் வேலைவாய்ப்புப் பற்றியும் அடுத்த கட்டடத்தில் பேச வேண்டும். சிலருக்கு அவகாசம் உண்டு என்றும், சிலருக்கு ஏற்கெனவே தாமதம் என்றும் கூறப்பட்டது. வழியில் வாயிலோரம் ஒருவர் சரிந்து இருமிக்கொண்டிருந்தார். அவர் ஆய்வாளர் அமர்த்திய ஆள்.

அவகாசம் பெற்றோருள் 63 விழுக்காட்டினர் உதவினர். மிக விரைந்தோருள் 10 விழுக்காட்டினரே. பேச்சின் பொருள் குறிப்பிடத்தக்க வேறுபாடு எதையும் உண்டாக்கவில்லை. (மறையுரை ஆற்றும் எம்போன்றோர்க்குக் கசப்பான செய்திதான்.)

ஆயின், அந்த விரைவைத் தந்தவர் ஆய்வாளரே. தமக்காகக் காத்திருப்பவரை ஏமாற்றலாகாது என்றே பலர் விரைந்திருக்கலாம். அதனை இரக்கமின்மை எனத் தீர்ப்பிட ஆய்வாளரும் தயங்கினர்.

பொய்நோயாளிக்கு மெய்யான இரக்கத்தைக் கேட்பது தகுமா? முன்கூட்டிச் சொன்னால் ஆய்வே இல்லை. பின்னர் உண்மை விளக்கப்பட்டது. நின்று உதவியவனுக்கு இழைத்த பொய்யை நான் பொறுத்துக்கொள்வேன். நில்லாதவனோ, தன்னைப் பற்றித் தான் கேளாத ஒன்றை அறிந்து வீடு திரும்பினான். அவன் ஒப்புதல் இன்றி அக்குறிப்பைக் கணக்கில் சேர்க்க ஆய்வாளனுக்கு உரிமையில்லை என்பேன். கேட்டால் கடந்து போனவர்களே மறுப்பர், கணக்குச் சாய்ந்துவிடும் என்பார்கள். சாயட்டும்.