விதைக்குள் பூ உண்டா?

காசித்தும்பை ஓராண்டுத் தாவரம். வீட்டுத் தோட்டத்தில் அதன் விதையை மேலாக ஊன்றி ஈரம் காத்தால் ஏறத்தாழ ஒரு வாரத்தில் முளைக்கும். இரண்டு மாத அளவில் பூக்கும். முற்றிய காய், விரல் பட்டதும் வெடித்துச் சுருண்டு விதைகளைத் தெறிக்கவிடும். பின்பு செடி மடியும். அந்தப் பூ விதைக்குள் முன்பே இருந்ததா, புதிதாகத் தோன்றியதா என்பது இந்திய மெய்யியலின் பழைய வினா.

காரியம் காரணத்துள் நுண்நிலையில் உள்ளது என்பது சாங்கியரின் சற்காரியவாதம். காசித்தும்பை விதையில் சாமந்தி பூக்காதது இதற்குத் துணைநிற்கும் சான்று. நியாய வைசேடிகர் இதை மறுப்பர்: விதையைப் பிளந்தால் இதழும் இல்லை, நிறமும் இல்லை, ஆகவே பூ புதிய பொருளே. பௌத்தர் பார்வையில், விதை கணந்தோறும் அழிய, அந்தத் தொடர்ச்சியில் முளை எழுகிறது. நிலையான பொருள் எதுவும் கடந்து செல்வதில்லை என்பர்.

சைவ சித்தாந்தம் சற்காரியவாதத்தை ஏற்று, காரணத்தை மூன்றாகப் பகுக்கிறது. உலகுக்கு மாயை முதற்காரணம், சத்தி துணைக்காரணம், சிவன் நிமித்தகாரணன். தோட்டத்தில் விதை முதல், மண்ணும் நீரும் துணை, ஊன்றுபவர் நிமித்தம். உள்ளதும் தானே வெளிப்படாது என்பதே இதன் முடிவு.