மறுசூது

போக்கர் என்னும் சீட்டாட்டம் திறமையின்பாற்பட்டதே எனச் சென்னை உயர்நீதிமன்றம் 2023-இல் கூறிற்று. பணம் வைத்தாடும் இணைய ஆட்டங்களை நாடாளுமன்றம் 2025-இல் தடைசெய்தது. அவ்வழக்கு ஒருபுறமிருக்க, பந்தயம் கட்டியவன் தன்னை ஆராயப் புகுங்கால் எதனை ஆராய்வது? வென்றதையும் தோற்றதையும் கணக்கே காட்டிவிடும். ஐந்நூறு இழந்தவுடன் ஆயிரம் வைத்த மனத்தை அது காட்டாது.

தருமபுத்திரர் முதற்சூதில் தோற்றமைக்குச் சகுனியின் வஞ்சனையைச் சொல்லலாம். திருதராட்டிரன் யாவற்றையும் திருப்பியளித்து வழியனுப்பிய பின்னர், மறுசூதுக்கு அழைப்பு வர, கேடறிந்தே திரும்பினாரே, அதற்கு யாரைச் சொல்வது? முதிய அரசர் கட்டளையை மீறலாகாது என்றார். அக்காரணத்தைப் பொய்யென்று தள்ளவும் இயலவில்லை.

தடைக்குப் பின்னும் நள்ளிரவில் அயல்நாட்டுத் தளம் தேடுபவன், கடனடைக்கவே ஆடுவதாகச் சொல்கிறான். கடன் இருப்பது மெய்யே. எந்த ஆட்டத்தில் வந்ததென்பதையும் அவன் அறிவான்.