நாக்கும் விலைச் சீட்டும்

விலை உயர்ந்த பொருளைப் புகழ்வதற்குத் துணிவு வேண்டியதில்லை. மலிவான பொருளைச் சபையில் புகழ்வதற்குத்தான் துணிவு வேண்டும். அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்துக்குப் பெயர் வாங்கித் தந்த போர்பன் விஸ்கியை வைத்து இதைச் சற்று ஆராயலாம். குடிப்பது தகுமா என்பது வேறு வழக்கு. இங்கே விசாரணைக்கு வந்திருப்பது மனிதனின் தீர்ப்பு.

போர்பன் என்று பெயரிட அங்கே சட்டம் உண்டு. தானியத்தில் 51 சதவீதமாவது மக்காச்சோளம் இருக்க வேண்டும். உட்புறம் கருக்கிய புது ஓக் பீப்பாயில் ஊற வேண்டும். கலப்படக்காரர்கள் சாயம் சேர்த்துப் பழைய சரக்கென்று விற்றதால், 1897-இல் மேலும் கண்டிப்பான சட்டம் ஒன்று வந்தது. அதன்படி முத்திரை பெறும் சரக்கு ஒரே வடிசாலையில், ஒரே பருவத்தில் வடித்ததாய், நான்கு ஆண்டுகளாவது பீப்பாயில் கிடந்ததாய், 50 சதவீதச் சாராயம் உள்ளதாய் இருக்க வேண்டும். எவான் வில்லியம்ஸ் வெள்ளைச் சீட்டு போன்ற மலிவான பாட்டிலும் அந்த முத்திரையோடுதான் வருகிறது. சட்டத்தின் முன் இரண்டும் சமம்.

நாக்கின் முன்? முகர்ந்தால் வனிலாவும் காய்ச்சிய சர்க்கரையும் மணக்கும். கருகிய மரம் தந்த கொடை அது. சில சொட்டு நீர் விட்டால் காரம் தணியும். விலை அறியாதவன் "நன்று" என்பான். விலையைச் சொல்லுங்கள்; "கொஞ்சம் முரடு" என்பான்.

அவன் பொய் சொல்கிறானா? இல்லை. 2008-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், ஒரே திராட்சை மதுவை 10 டாலர் என்றும் 90 டாலர் என்றும் சொல்லிக் கொடுத்தார்கள். 90 டாலர் என்றபோது சுவை கூடியதாகச் சொன்னார்கள். மூளையில் இன்பம் உணரும் பகுதியும் அதிகமாகக் கிளர்ந்தது. ஆக, இன்பம் மெய்தான். அதைப் பொருளின் குணத்துக்குச் சாட்சியாக நிறுத்தும்போதுதான் அநீதி பிறக்கிறது. செய்தவனின் உழைப்புக்குச் சேர வேண்டிய மதிப்பை அச்சடித்த எண் தட்டிக்கொண்டு போகிறது.

மலிவானதே மேல் என்று சாதிப்பவனும் நல்ல நீதிபதி அல்லன். அவன் தன் சிக்கனத்தைச் சுவைக்கிறான்.

இதற்கு ஒரே வழி, சீட்டை மறைத்துச் சுவைப்பது. 1976-இல் பாரிஸில் அப்படிச் சுவைத்தபோது, பிரெஞ்சு நடுவர்களே கலிபோர்னியா மதுவுக்கு முதலிடம் கொடுத்துவிட்டார்கள்!

பாட்டிலுக்குத் துணி சுற்றிவிடலாம். வேலை கேட்டு வாசலில் நிற்கும் மனிதனுக்கு என்ன செய்வது? அவன் வாய் திறக்கும் முன்பே அவனுடைய சட்டையும் ஊரும் தகப்பன் பெயரும் பேசி முடித்துவிடுகின்றன. அவற்றைக் கேட்டு நாம் சொல்லும் தீர்ப்பில், அவன் வீட்டு அடுப்பு எரிவதும் எரியாததும் இருக்கிறதல்லவா?