ஊன்றுகோல் அருளிய திறம்



மீஞ்சூர் ஏகாம்பரநாதர் திருக்கோயிலில் ஒரு சோமவார மாலை அன்பர் பலர் கூடிய அவையில் யாம் பேசியவற்றை, உடனிருந்த நண்பர் சிலர் விரும்பியவண்ணம் ஈண்டு எழுதுகின்றோம். அன்று பேசக் கருதிச் சென்ற பொருள் இருவினையொப்பு. குறிப்பும் எழுதிக் கொண்டுபோயிருந்தோம். பேச்சுத் தொடங்குதற்கு முன்னரே, தூணிற் சாய்ந்து கால்களை நீட்டி அமர்ந்திருந்த மூதாட்டியார் ஒருவர் எம்மை நோக்கி வாய்திறந்தார். அவர் பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பமொன்றிலிருந்து வந்தவர்; மீன்கூடை தலையிற் சுமந்து விற்றவர். “சாமி, இந்த மூட்டுவலி எனக்குப் பன்னிரண்டு வருசமாக இருக்கிறது. பார்க்க வருகிறவர்கள் எல்லாரும், ‘உன் வினை, அனுபவித்துத்தான் தீர்க்கவேண்டும்’ என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். அப்படியென்றால் கடவுள் என்னைப் பார்க்கவே இல்லையா?” என்றார். அதற்கு விடை கூறாது இருவினையொப்பைப் பற்றி விரித்துரைத்தல் எமக்கு நாணந் தந்தது. குறிப்பை மடித்து வைத்துவிட்டோம்.

நோய் வினைவழியது என்பது நம் சாத்திரத் துணிபே. பிராரத்தம் உடலுள்ளளவும் நிற்கும். குருவருள் பெற்றார்க்கும் அது உடலூழாய் நின்று கழியும். இதனை மறுப்பார் நம்முள் இலர். ஆயினும், ‘உன் வினை, அனுபவி’ என்று கூறி எழுந்துபோவார் தம்மைச் சித்தாந்தி என்று கருதிக்கொள்ளுதல் பிழையாம். என்னை? வினை சடம். அது தன் பயனைத் தானே கொணர்ந்து உயிரிற் பொருத்தமாட்டாது. உயிரும் தன் வினைப்பயனைத் தானே தெரிந்தெடுத்து நுகரவல்லதன்று. இரண்டனையும் கூட்டுவான் ஒருவன் வேண்டும் என்பதன்றோ நம் ஆசிரியன்மார் வற்புறுத்தி நிறுவியது? வினையே பயன் தரும், ஊட்டுவான் வேண்டா என்பது மீமாஞ்சகர் கூற்று. ஆகலின், நோயாளியின் பக்கத்து நின்று வினையை மட்டும் கூறி, அதனை ஊட்டுகின்ற இறைவனைக் கூறாது விடுவோர், நெற்றி நிறைய நீறு பூசிக்கொண்டு மீமாஞ்சகமே பேசுகின்றனர் என்க. கடுஞ்சொல்லாயிற் பொறுத்தருள்க.

இனி, ஊட்டுவான் எங்ஙனம் ஊட்டுகின்றான்? அருணந்தி சிவாசாரியார் சிவஞானசித்தியார் சுபக்கத்து இரண்டாஞ் சூத்திரத்தில் மருத்துவனை உவமையாகக் காட்டுவர். மருத்துவன் ஒரு நோயைக் கருவியாற் பிளந்து போக்குகின்றான். மற்றொரு நோய்க்குச் சர்க்கரையும் பாலுங் கூட்டிய மருந்தை ஊட்டுகின்றான். இறைவனும் அவ்வாறே துன்பமும் இன்பமும் ஆகிய இரண்டையும் நுகர்வித்து வினையைத் தேய்க்கின்றான் என்பது அதன் கருத்து. இவ்வுவமையை எடுத்துப் பிரசங்கிப்போரிற் பெரும்பாலார் கத்தியோடு நின்றுவிடுகின்றனர். பாலும் சர்க்கரையும் அதே செய்யுளில் இருத்தல் அவர்க்குப் புலனாவதில்லை. யாமும் பல்லாண்டு அப்படியே பேசித் திரிந்தோம். அன்று அம்மூதாட்டியார் முகத்தைப் பார்த்தபொழுதுதான் செய்யுளின் மறுபாதி எம் நினைவுக்கு வந்தது.

நெடுநாள் நோயாளியின் ஒரு நாளை எண்ணிப் பாருங்கள். விடியற்காலையில் வலி சற்றே தணிந்திருக்கும் ஒரு நாழிகை. வெந்நீர் ஒற்றடத்தின் வெம்மை. பதமறிந்து ஆற்றிக் கொடுத்த கஞ்சி. தலையணையைச் சரிசெய்யும் பேரப்பிள்ளையின் கை. அந்தியில் திண்ணையில் வந்தமர்ந்து ஊர்ச்செய்தி சொல்லும் அண்டைவீட்டாள். இவையெல்லாம் அம்மருத்துவன் கொடுக்கும் பாற்கலவை மருந்தே. இவற்றை அற்ப சுகம் என்று தள்ளுவோர், வலியை இறைவன் செயலாகவும் இதத்தை உலகின் செயலாகவும் பிரிக்கின்றனர். அங்ஙனம் பிரித்தற்குச் சாத்திரத்தில் இடமில்லை. சிறுசுகங்களிற் பற்று வைத்தல் பாசமன்றோ எனின், நன்று வினவினீர். நலமுள்ளான் ஒருவன் பஞ்சணை தேடுதலும், கிடந்து கிடந்து முதுகு புண்பட்டான் ஒருவன் புரண்டு படுத்தற்கு ஒரு கை தேடுதலும் ஒன்றாகா. முன்னையது வேட்கை. பின்னையது பசித்தவன் சோறு கேட்பதை ஒக்கும்.

இதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு போதல் வேண்டா. மீஞ்சூர்க்குத் தெற்கே, இரயில் வழியிலேயே உள்ளது திருவொற்றியூர். அங்கே மகிழின்கீழ்ச் சங்கிலியார்க்கு உறுதிகூறிய நம்பியாரூரர், அவ்வுறுதியைக் கடந்து ஆரூர் நோக்கிப் புறப்பட்டு, ஒற்றியூரெல்லையைத் தாண்டியவளவில் இரு கண்ணும் இழந்தார். வடதிருமுல்லைவாயிலை வணங்கித் திருவெண்பாக்கம் சேர்ந்தார். அவ்வூர் இப்பொழுது பூண்டி எனப்படுவது. மீஞ்சூர்க்கு அணித்தாக ஓடிக் கடலிற் சேர்கின்ற கொசஸ்தலையாற்றின் மேற்பாற்கண் உள்ளது. 1944-இல் பூண்டி நீர்த்தேக்கம் நிறைவுற்றது. பழைய கோயில் இருந்த இடம் நீர்ப்பரப்பாயிற்று. திருமேனிகளைக் கொணர்ந்து புதிதாக எடுப்பித்த கோயிலிலேயே இன்று வழிபாடு நிகழ்கின்றது.

திருவெண்பாக்கத்தில் நம்பியாரூரர் கண்ணை வேண்டினார். கண் கிடைக்கவில்லை. ஒரு கோல் கிடைத்தது. ‘இக்கோயிலில் இருக்கின்றீரோ’ என்று அவர் வினவ, ‘இருக்கின்றோம், நீர் செல்லும்’ என்னும் பொருள்பட இறைவன் அயலார் போல விடையளித்தார் எனச் சேக்கிழார் பெருமான் கூறுவர். தோழமை பூண்ட இறைவன், தம் பொருட்டுப் பரவையார் வாயிலுக்கு நள்ளிரவில் பின்னர்த் தூது நடக்கவிருந்த இறைவன், கண்ணைக் கேட்டார்க்கு ஒரு கழியை நீட்டினார்! நம்பியாரூரர் மனம் பொறுக்கவில்லை. முறையிட்டுப் பதிகம் பாடினார். சினந்து கோலை எறிய அது பட்டு நந்தியின் கொம்பு ஒடிந்தது என்பது அத்தலத்தார் வழிவழிக் கூறும் செய்தி. கொம்பொடிந்த நந்தியை இன்றும் ஆங்குக் காணலாம். சுவாமிக்கு ஊன்றீசுவரர் என்றும், வழிநடையில் மின்போல் ஒளிகாட்டினமையின் அம்மைக்கு மின்னொளியம்மை என்றும் திருநாமங்கள் வழங்குகின்றன.

இவ்வரலாற்றில் நோயுற்றார் கண்டுகொள்ளத்தக்கவை சில உள்ளன. முறையீடு பத்திக் குறைவன்று. வலியில் வாய்விட்டு ‘நீ இருக்கின்றாயா’ என்று இறைவனையே கேட்டவர் தம்பிரான் தோழர். அவர் முறையிட்ட பதிகம் திருமுறையில் ஏறியுள்ளது. ஒடிந்த கொம்பைக்கூட ஒருவரும் மறைத்துவைக்கவில்லை. நோயாளி ஒருவர் சலித்துப் பேசினால் ‘அபசாரம், அபசாரம்’ என்று வாயைப் பொத்தும் உறவினர் இதனை நினைவிற் கொள்க. மற்றொன்று, அக்கோலைப் பற்றியது. திருவெண்பாக்கத்தை விட்டு அவர் பழையனூர் வந்து ஆலங்காட்டை வணங்கினார், திருவூறல் பணிந்தார், பின்னரே காஞ்சி அடைந்து ஏகம்பத்தில் இடக்கண் பெற்றார். அதன்பின்னும் துன்பம் தீர்ந்தபாடில்லை. உடம்பிற் பிணியொன்றும் வந்து கூடியது. அது திருத்துருத்தியிற் குளத்து நீராடியபின் நீங்கியது. வலக்கண் கிடைத்தது ஆரூரில். ஒற்றியூர் முதல் ஆரூர்வரை உள்ள வழியை நினைந்து பாருங்கள். அவ்வழியிற் காஞ்சிவரை அவர் கண்ணின்றி நடந்தார். நடப்பித்தது அவர் இகழ்ந்த அந்தக் கோலே.

மீஞ்சூரை வடகாஞ்சி என்று சொல்லிப் பெருமைகொள்ளுகின்றோம். இங்கும் ஏகாம்பரநாதர் எழுந்தருளியிருக்கின்றார். ஏகம்பத்தைப் பாடுவார் கண்பெற்ற நாளையே பாடுவர். கோல்பெற்ற நாளைப் பாடுவார் அரியர். நெடுநாள் நோயாளர் பெரும்பாலார் வாழ்வதோ திருவெண்பாக்கத்திற்கும் காஞ்சிக்கும் இடைப்பட்ட வழியில்.

அற்றேல், திருநாவுக்கரசர் சூலை ஒரே நாளில் நீங்கிற்றன்றோ எனின், ஆம். அவ்வரலாற்றிலும் நாம் விரைந்து கடந்துபோகும் பகுதியொன்று உண்டு. சூலையாற் குடர் முறுக்குண்டு கிடந்தவர் தம் தமக்கையாரிடம் செய்தி சொல்ல அனுப்பியது தமக்கு உணவமைப்பானை. அடிகள் மடத்தில் அருகே எத்துணையோ பேர் இருந்தும், ‘அக்கையிடம் போய்ச் சொல்’ என்று அந்தரங்கமாகக் கூறத்தக்க ஒருவன் அவனே போலும். திலகவதியார் சமணர் இருந்த இடத்திற்குச் செல்லவில்லை. இரவோடிரவாக வந்து அடிவீழ்ந்த தம்பியைக் கடிந்துகொள்ளவுமில்லை. ஐந்தெழுத்தோதி நீறு அளித்தார். பின்பு செய்ததுதான் எம்மை நிறுத்திவைப்பது. விடியலில் துடைப்பமும் சாணமும் நீர்க்குடமும் எடுத்துத் தம் நாட்பணிக்குக் கோயிலுக்குப் புறப்பட்ட அம்மையார், நோயாளியாகிய தம்பியையும் உடனழைத்துச் சென்றார். வீட்டில் ஒதுக்கிக் கிடத்தவில்லை. தம் வேலையை விட்டுவிட்டு அழுதுகொண்டு அருகில் அமரவுமில்லை. தாம் நாடோறும் செய்யும் பணியின் பக்கத்திலே அவர்க்கும் ஓரிடம் கொடுத்தார். நெடுநாட் பிணியாளர் இழப்பனவற்றுள் வலியினும் கொடிது, ஊராருடைய நாள்வேலையில் தமக்கு இடமில்லாது போதல். பிறவியிலேயே கண்ணிழந்த தண்டியடிகள் ஆரூர்த் திருக்குளத்தைத் தோண்டத் துணிந்தபொழுது, குளத்தினுள் ஒரு தறியும் கரையில் ஒரு தறியும் நட்டு, இடையே கயிறு கட்டி, அதனைத் தடவிச் சென்று மண் சுமந்தார். கயிறு ஒன்று கிடைத்தால் அவரும் வேலையாள்.

பழவேற்காட்டு மக்கட்கு இது புதிதன்று. ஏரியில் மீன்பிடித்தற்கு அவர்க்குள் ‘பாடு’ என்று ஒரு முறையுண்டு. இன்ன இடத்தில் இன்ன நாளில் இன்னார் வலை விடுவது என்பதை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளுவர். நல்ல துறை ஒருவர்க்கே உரிமையாய்விடாது, மாறிமாறி வரும். துன்பத்தையும் பாடு என்கின்றோம், பங்கிட்ட முறையையும் அவர் பாடு என்கின்றனர்; சொல்லாராய்ச்சி வல்லார் இதனை ஆராய்க. மூதாட்டியாரோடு வந்திருந்த குப்பத்துப் பெண்டிரிடம் யாம் கேட்டது ஒன்றே: ஏரியில் முறைவைக்கத் தெரிந்த நீங்கள் அம்மா வீட்டுத் திண்ணைக்கும் முறைவைக்கலாகாதோ? ஒருத்தியே எல்லா நாளும் தாங்கினால் ஆண்டுகள் செல்லச் செல்லத் தாங்குபவளும் நோயாளியாவாள். மருமகள் ஒருத்தி தலைமேல் முழுப்பாரத்தையும் ஏற்றிவிட்டு அவள் முகங்கோணினாள் என்று குறைகூறும் வீடுகளை யாம் அறிவோம்.

மருந்தைப் பற்றியும் ஒரு சொல். பதிகம் ஓதுக, மாத்திரை வேண்டா என்று புத்தி சொல்வார் நம் சமயத்தார் நடுவிலும் உளர். இறைவனுக்கு மருத்துவனை உவமை சொன்ன நூலைக் கையில் வைத்துக்கொண்டு மருத்துவனை வெறுத்தல் பொருந்தாது. ஓதியும் நோய் தீராவிடின் ‘உன் பத்தி போதாது’ என்று பழிப்பது அதனினும் கொடிது. தமிழ்நாட்டரசு 2021 ஆகஸ்டு 5-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்னுந் திட்டத்தில், நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் உடையார்க்கு மாத்திரைகளை இல்லத்திற்கே கொணர்ந்து தருகின்றனர். இயன்முறைப் பயிற்சியும், படுக்கையிற் கிடப்பார்க்கு நோவாற்றும் பணிவிடையும் அதில் அடங்கும். கதவைத் தட்டி மாத்திரையோடு நலமும் விசாரித்துப் போகும் அப்பெண் சித்தாந்தம் படித்தவளல்லள். அவள் கையிலிருப்பதும் ஒரு கோல்தான்.

மடங்களைச் சார்ந்த அன்பர்க்கு ஒரு விண்ணப்பம். மெய்கண்டதேவர் பன்னிரண்டாஞ் சூத்திரத்தில் அடியார் கூட்டத்தையும், அவர் திருவேடத்தையும், ஆலயத்தையும் ஒருங்கு வைத்து வழிபடற்குரியன என்றனர். கோயிலுக்கு வரவியலாது கிடக்கும் அடியார்க்கு ஆலயம் எட்டாது. கூட்டமாவது அவரிடம் செல்லலாம். திருமுறை ஓதுவார் ஒருவர் திங்களில் ஒருமுறை ஒரு நோயாளியின் கட்டிலருகே அமர்ந்து, அவர் விரும்பும் பதிகத்தை, அவர் களைப்படையுமுன் நிறுத்தி ஓதினால் அதற்கு மண்டபமும் வேண்டா, விளம்பரமும் வேண்டா. உபதேசம் வேண்டவே வேண்டா. ‘இருக்கின்றோம்’ என்று திருவெண்பாக்கத்தில் இறைவன் சொன்ன அந்த ஒரு சொல் போதும். அயலார் போலச் சொல்லாமல், அருகிருந்து சொல்லுக.

பேச்சு முடிந்து நீறு வழங்கும்பொழுது அம்மூதாட்டியார் எம்மை மீண்டும் அழைத்தார். “சாமி, கோலை எறிந்து நந்தி கொம்பையே உடைத்தாரே, அதற்குக் கடவுள் கோபித்துக்கொள்ளவில்லையா?” என்றார். “இல்லையம்மா, காஞ்சியில் கண்ணைக் கொடுத்தார்” என்றோம். சற்றே நகைத்தார். “அப்படியானால் நானும் ஒருநாள் நன்றாகத் திட்டிப் பார்க்கிறேன்” என்று கூறி, உடன்வந்த பெண்ணின் தோளைப் பற்றி எழுந்தார். பொன்னேரி வழியாகப் பழவேற்காடு செல்லும் பேருந்துக்கு நேரமாயிருந்தது. வாசற்படியில் அப்பெண் ஒரு படி முன்னே இறங்கி நின்றுகொள்ள, அம்மையார் மெல்ல மெல்ல இறங்கினார்.

திருச்சிற்றம்பலம்.