பர்க் என்ற பெயரின் வாரிசுகள்

1829 ஜனவரி 28 அன்று எடின்பரோவில் பெருங்கூட்டத்தின் முன் வில்லியம் பர்க் தூக்கிலிடப்பட்டான். அயர்லாந்தின் டைரோன் பகுதியிலிருந்து பிழைக்க வந்தவன் அவன். கூட்டாளி ஹேருடன் சேர்ந்து 16 பேரைக் கொன்று, பிணங்களை உடற்கூறியல் ஆசிரியர் ராபர்ட் நாக்ஸுக்கு விற்றான். அதே குடும்பப் பெயரில் வேறு பலரும் உண்டு. டப்ளினில் பிறந்து, பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் பேர்பெற்ற அரசியல் சிந்தனையாளர் எட்மண்ட் பர்க் 1797இல் இறந்திருந்தார். ஆஸ்திரேலியாவைத் தெற்கிலிருந்து வடக்காகக் கடந்துவிட்டுத் திரும்பும் வழியில், 1861இல் கூப்பர் ஓடைக்கரையில் மாண்ட ராபர்ட் ஓ'ஹாரா பர்க் கால்வேக்காரர். ஃபிலடெல்ஃபியாவில் சிறுவயதிலேயே பிரசங்கியாகி, பிறகு சோல் இசையில் கொடிகட்டிப் பறந்த சாலமன் பர்க் அமெரிக்கக் கறுப்பர். இப்படிப் பல துறைக்காரர்களை ஒரு குடும்பப் பெயரின் கீழ் வரிசைப்படுத்திப் பெருமைகொள்வது ஐரிஷ் வம்சாவளிப் பிரியர்களின் வழக்கம். கொலைகாரனைப் பெரும்பாலும் அந்த வரிசையில் சேர்ப்பதில்லை, சேர்த்தாலும் வேடிக்கைக்காகத்தான். புகழில் பங்கு கேட்பவர் பழியிலும் பங்கு ஏற்க வேண்டாமா? இரண்டிலும் பங்கில்லை என்றால், பெயரோடு தலைமுறைகளுக்குள் கைமாறுவதுதான் என்ன?

ரத்தம் என்று சட்டென்று பதில் வரும். ஆனால் இந்தப் பெயரே அயர்லாந்தில் முளைத்ததல்ல. நார்மன் படையெடுப்பை ஒட்டி 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே காலூன்றியவர் வில்லியம் டி பர்க் என்ற பிரபு; அவர் 1206இல் இறந்தார். அவர் வழிவந்தவர்கள் மேற்கே கொனாக்டில் நிலங்களைப் பிடித்தார்கள். காலப்போக்கில் கேலிக் மொழி பேசி, கேலிக் வழக்கப்படி வாழ்ந்து ஐரிஷ்காரர்களாகவே ஆகிப்போனார்கள். தந்தைவழியில் பெயரோடு ஒய் குரோமோசோமும் வருகிறதே என்று உயிரியல் தெரிந்தவர் கேட்பார். வருகிறதுதான், தத்தும் மறுமணமும் குறுக்கிடாதவரை. சாலமனுக்கு அந்தப் பெயர் தாயை மணந்துகொண்ட வளர்ப்புத் தந்தையிடமிருந்து வந்தது. பாடகர் கிறிஸ் டி பர்க் பிறப்பால் டேவிசன்; தாய்வீட்டுப் பெயரை மேடைக்காக எடுத்துக்கொண்டார். இடையில் எந்தத் தடங்கலும் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். பத்துத் தலைமுறைக்கு முன்னால் ஒருவருக்கு 1,024 முன்னோர்கள். குடும்பப் பெயர் அவர்களில் ஒரே ஒருவரிடமிருந்து வருகிறது. மற்ற 1,023 பேரையும் மறந்தால்தான் இங்கே குலப்பெருமை பேசவே முடியும்.

இதைவிடக் கனமான மறுப்பு சமயத்திலிருந்து வருகிறது. பெற்றோரின் குற்றம் மூன்றாம் நான்காம் தலைமுறை வரை தொடரும் என்கிறது யாத்திராகமம். தகப்பனின் அக்கிரமத்தை மகன் சுமப்பதில்லை என்று மறுக்கிறது எசேக்கியேல். இரண்டும் ஒரே விவிலியத்தில் இருக்கின்றன. எசேக்கியேலின் பக்கம் நிற்பது எளிது, ஆனால் அதோடு நிறுத்திக்கொண்டால் முன்னோர் செய்த கொடுமைகளுக்கு யாருமே பதில் சொல்ல வேண்டியதில்லை என்றாகிவிடும். அதை ஏற்க முடியாது. தலைமுறை தாண்டிப் பொறுப்பு செல்லத்தான் செய்கிறது. சொத்தும் அதிகாரமும் விதிகளும் தொடர்ச்சியாகக் கைமாறும் ஓர் அமைப்பின் வழியாக அது செல்கிறது. மேயோ பகுதியின் பர்க்குகளுக்கு ஒரு காலத்தில் அப்படி ஓர் அமைப்பு இருந்தது. தங்களுக்குள் ஒருவரை மக்வில்லியம் என்ற பட்டத்துக்குத் தேர்ந்தெடுத்தார்கள். பட்டத்தோடு நிலமும் படையும் பகையும் வந்தன. அன்று ஒரு பர்க் செய்ததற்கு இன்னொரு பர்க்கைக் கேள்வி கேட்பதில் நியாயம் இருந்தது. 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கில ஆட்சி அந்த ஏற்பாட்டை உடைத்தபின் மிஞ்சியது பெயர் மட்டுமே. அமைப்பு குலைந்துகொண்டிருந்த அந்நாளிலும் பெயர் எல்லோரையும் ஒரே பக்கம் நிறுத்திவிடவில்லை: 1601இல் கின்சேல் போரில் கிளான்ரிகார்டின் பர்க் பிரபு ஐரிஷ் கிளர்ச்சியாளர்களை எதிர்த்து இங்கிலாந்து அரசிக்காகவே வாளெடுத்தார்.

மரபைப் பற்றி மிக அதிகம் சிந்தித்த பர்க், எட்மண்ட்தான். உரிமைகள் முன்னோரிடமிருந்து சொத்தைப்போல வருபவை, சமுதாயம் என்பது இறந்தவர்களும் இருப்பவர்களும் இனிப் பிறப்பவர்களும் சேர்ந்த கூட்டு என்று 1790இல் எழுதியவர். அப்படியானால் அவரே குலப்பெருமைக்குச் சாட்சியாகிவிடுகிறாரே? ஓரளவுக்கு ஆம், பிரபுக் குடும்பங்கள்மேல் அவருக்கிருந்த மரியாதை எனக்குக் கொஞ்சம் மிகையாகவே படுகிறது. ஆனால் அவர் சொன்ன கூட்டு அரசும் திருச்சபையும் சட்டமும் ஆகிய அமைப்புகளின் தொடர்ச்சி. அதே அளவுகோலைத்தான் கிழக்கிந்தியக் கம்பெனிமீதும் வைத்தார். அதிகாரம் ஒப்படைக்கப்பட்ட பொறுப்பு, ஆகவே கம்பெனி பதில் சொல்லியாக வேண்டும் என்பது, அதன் கவர்னர் ஜெனரலாக இருந்த வாரன் ஹேஸ்டிங்ஸ்மீது 1788 முதல் 1795 வரை நடந்த நாடாளுமன்ற வழக்கில் அவர் விடாமல் வைத்த வாதம். ஹேஸ்டிங்ஸ் விடுதலையானார்.

பெயருக்கு வலிமை உண்டு என்பவர்களுக்கு எட்மண்டின் வாழ்க்கையிலேயே இன்னும் நல்ல ஆதாரம் ஒன்று இருக்கிறது. தஞ்சாவூர் அரசர் துளஜாவின் முகவராக இருந்த இன்னொரு வில்லியம் பர்க்கை எட்மண்ட் உறவினர் என்றே அழைத்தார். ஒரே வீட்டில் வாழ்ந்தார்கள், பணமுடையும் சேர்ந்தே பட்டார்கள். தஞ்சாவூருக்காக எட்மண்ட் குரல்கொடுத்ததில் இந்த நெருக்கத்துக்கும் பங்குண்டு என்று எதிரிகள் சாடினார்கள். அந்தச் சந்தேகம் முழுக்க ஆதாரமற்றதல்ல. ஆனால் இருவருக்கும் இடையே ரத்த உறவு இருந்ததா என்பதை வரலாற்றாசிரியர்கள் நிறுவவில்லை; அவர்களைப் பிணைத்தது நீண்டகால நட்பு. பெயர் அந்த நட்புக்கு ஒரு சாக்காக உதவியிருக்கலாம், அவ்வளவுதான். மேலும், நெருக்கம் எதுவானாலும் 1785 பிப்ரவரியில், தஞ்சாவூரோடு பகைகொண்டிருந்த ஆற்காட்டு நவாபின் கடன்களைப் பற்றி எட்மண்ட் ஆற்றிய உரை, சொன்னவர் யார் என்பதைப் பொறுத்து உண்மையாகவோ பொய்யாகவோ ஆகிவிடாது. கம்பெனி ஊழியர்களே நவாப் முகம்மது அலிக்குக் கொடுத்ததாகக் காட்டிய கடன்களில் பெரும்பகுதி புனைவு என்றார். ஹைதர் அலியின் படையெடுப்பில் பாழான நாட்டிலிருந்து அதை வசூலிப்பது கொள்ளை என்றார். தீர்மானம் தோற்றது. நவாபின் பெயரில் இருந்த கடனை, விசாரணையின்றி, அன்று கர்நாடகம் எனப்பட்ட ஆற்காட்டுச் சீமையின் வருவாயிலிருந்து தீர்க்க ஏற்பாடானது. கட்டியவர்கள் அந்தச் சீமையின் உழவர்கள்.