குருதி தந்ததா, கற்றுக்கொண்டதா?

பெருமை என்ற சொல்லை இந்த நாட்டிலே யார் யார் எடுத்தாள்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள், தோழர்களே! பாட்டன் கட்டிய மாளிகையைக் காட்டிப் பேரன் பெருமை பேசுகிறான். தான் ஒரு துரும்பையும் அசைக்காமல் வந்து சேர்ந்த சாதிப் பெயரைச் சொல்லி மற்றொருவன் மீசையை முறுக்குகிறான். முயலாமல் கிடைத்தவற்றுக்கெல்லாம் பெருமை! ஆனால், உயிரைப் பணயம் வைத்துக் கற்ற அரிய திறமையை உடையவனோ, அதை வெளியே சொல்ல வெட்கித் தலைகுனிந்து நிற்கிறான். இந்தத் தலைகீழ்க் கணக்கை எழுதியவர் யார்? இதைத் திருத்துவது எப்படி?

செங்கற்பட்டுப் பகுதியின் இருளர் மக்களை எடுத்துக்கொள்வோம். ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்டவர்கள். அரிசி ஆலைகளிலும் மரம் வெட்டும் இடங்களிலும் கடனுக்காகக் கொத்தடிமைகளாகக் கிடந்து, மீட்கப்பட்ட குடும்பங்கள் அவர்களிடையே பல. "பாம்பு பிடிக்கிறவன்தானே!" என்று ஏளனமாகச் சுட்டப்பட்டவர்கள். அந்த ஏளனத்துக்கு இலக்கான செயல்தான் என்ன? வரப்பின் புழுதியிலே மெல்லிய கோடு ஒன்று. வளையின் வாயிலே உரித்துப்போட்ட சட்டைத் துண்டு. புல்லின் மேல் காயாத எச்சம். நம் கண்ணுக்கு வெறும் மண்ணாகத் தெரியும் இடத்திலே, எந்தப் பாம்பு, எந்தத் திசையிலே, எவ்வளவு நேரத்துக்கு முன் சென்றது என்று படிக்கிறார்கள் அவர்கள். பள்ளியின் வாசலை மிதிக்க விடப்படாதவர்கள் நிலத்தையே ஏடாக்கிப் படித்தார்கள். அதற்குப் பெயர் கல்வி அன்றோ?

பாம்பைத் தெய்வமென்று கும்பிட்டுப் புற்றிலே பால் ஊற்றுபவருக்குப் பாம்பின் உணவு பால் அல்ல என்பதுகூடத் தெரியாது. வெள்ளிக்கிழமை பால் வார்ப்பவரே சனிக்கிழமை அது வீட்டுக்குள் வந்தால் தடியைத் தேடுவார். அறியாமையின் இரு முகங்கள் அச்சமும் வணக்கமும். அந்த இரண்டும் இன்றிப் பாம்பைப் பாம்பாகப் பார்க்கத் தெரிந்தவனையோ சமுதாயம் கீழானவன் என்றது!

ஒரு காலத்திலே இந்தத் திறமை தோல் வணிகருக்கு லாபமாகவும், இருளருக்குக் கஞ்சியாகவும் மட்டுமே இருந்தது. 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், தொடர்ந்து வந்த தோல் ஏற்றுமதித் தடையும் அந்தக் கஞ்சியையும் பறித்தன. 1978 இல், ரோமுலஸ் விட்டேக்கர் போன்றோர் துணைநிற்க, இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியிலே அது இயங்குகிறது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும், அரசு குறிக்கும் எண்ணிக்கைக்குள் பிடித்து வருகிறார்கள். மண்பானையிலே வைத்து, சில வாரங்கள் நஞ்செடுத்து, அடையாளமிட்டு மீண்டும் காட்டிலே விடுகிறார்கள். எடுத்த நஞ்சைச் சிறுகச் சிறுகக் குதிரைக்கு ஏற்றி, அதன் குருதியிலே உருவாகும் எதிர்ப்பொருளைப் பிரித்தால் நச்சுமுறி மருந்து. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தோர் ஏறத்தாழ 12 லட்சம் பேர் என்று ஆய்வு மதிப்பிட்டிருக்கிறது. ஆண்டுக்குச் சராசரி 58,000! அத்தகைய நாட்டிலே அந்த மருந்துக் குப்பியின் விலை என்ன என்று, கடிபட்ட உழவனின் மனைவியைக் கேளுங்கள்!

இருளர் தொட்ட தண்ணீரைக் குடிக்க மறுத்தவர்கள் உண்டு. கடிபட்ட அன்று, இருளர் கையால் எடுத்த நஞ்சிலே பிறந்த மருந்து அவர்களுடைய நரம்பிலேயும் ஏறும். தீட்டு அன்று எங்கே போகிறது?

இங்கேதான் எச்சரிக்கையாக இருக்க வேண்டும், தோழர்களே! இகழ்ந்தவர்கள் இன்று புகழத் தொடங்கியிருக்கிறார்கள். எப்படிப் புகழ்கிறார்கள்? "அது அவர்கள் குருதியிலேயே ஊறியது" என்கிறார்கள். கேட்க இனிக்கும் சொல். உள்ளே இருப்பதோ பழைய விலங்கு. திறமை குருதியிலே ஊறுமென்றால், மருத்துவம் ஒருவன் குருதியிலும், மலம் அள்ளுவது இன்னொருவன் குருதியிலும் ஊறியதாகத்தானே பொருள்? 1953 இல் இராசாசி கொண்டுவந்த கல்வித் திட்டம், அரை நேரம் பள்ளி, அரை நேரம் அப்பன் தொழில் என்றபோது, அதைக் குலக்கல்வி என்று பெயரிட்டுப் பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் எதிர்த்தது எதற்காக? 1954 இல் காமராசர் அதைக் கைவிட்டபோது தமிழகம் மகிழ்ந்தது எதற்காக? தொழிலைப் பிறப்போடு பிணைக்கும் முடிச்சு அறுந்ததற்காக அன்றோ!

குருதி வாதத்தை உடைக்கச் சான்று வேண்டுமா? அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்துச் சதுப்பு நிலங்களிலே பர்மிய மலைப்பாம்புகள் பெருகி, அங்குள்ள சிறு விலங்குகளை அழித்துவந்தன. 2016 இல் ஒரு போட்டி நடத்தினார்கள். 1000 பேருக்கு மேல் இறங்கி, ஒரு மாதத்திலே பிடித்தவை 106. மறு ஆண்டு, மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இரு இருளர் அங்கே சென்றார்கள். முதல் இரு வாரங்களுக்குள் 13 மலைப்பாம்புகளைப் பிடிக்க வழிகாட்டினார்கள். பழகாத மண், பழகாத பாம்பு. அந்தச் சதுப்பு நிலத்தை இவர்கள் முன்னோரின் குருதி எங்கே கண்டது? தடயத்தைக் காண்பது, காரணத்தை ஊகிப்பது, சோதித்துத் தெளிவது என்ற முறைதான் அங்கேயும் வென்றது. அந்த முறைக்கு அறிவியல் என்று பெயர். 2023 இல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது.

"கற்ற திறமைதான் என்றாலும் பெருமை எதற்கு? அடக்கம் அன்றோ அழகு?" என்று கேட்பவர் உண்டு. அடக்கம் நல்ல பண்புதான். ஆனால் நிமிர்ந்து நிற்பவனுக்கே அது பண்பாகும். நூற்றாண்டுகளாய்க் குனிய வைக்கப்பட்டவனிடம் அடக்கத்தைப் போதிப்பது, நோயாளியிடம் பட்டினி நோன்பைப் போதிப்பது போன்றது. அவன் முதலில் நிமிரட்டும். அடக்கத்தைப் பிறகு அவனே தேர்ந்துகொள்வான்.

ஆகவே, எது மெய்ப்பெருமை, எது விலங்குக்குப் பூசிய பொன் என்று அறிய இரண்டு கேள்விகள் போதும். இந்தத் திறமையால் பிறருக்கு நன்மை உண்டா? இதை உடையவன் விரும்பினால் விட்டு விலக முடியுமா? முதற் கேள்விக்கு வடநெம்மேலி விடை தந்துவிட்டது. இரண்டாவதற்கு விடை தர வேண்டியது நாம். இருளர் வீட்டுப் பெண் பாம்பையே தொடாமல் பொறியியல் படிக்க விரும்பினால், கதவு திறந்திருக்க வேண்டும். பாம்புகளை ஆராயும் அறிஞராக விரும்பினால், பல்கலைக்கழகம் அவள் தந்தையின் அறிவையும் அறிவென்று ஏற்று அவளுக்கு இடம் தர வேண்டும். வேறு சாதியில் பிறந்த இளைஞன் இந்தக் கலையைக் கற்க விரும்பினால், இருளர் ஆசானின் முன் மாணவனாக அமர வேண்டும். வழி அடைபட்டிருக்கும் வரை, நாம் தரும் பாராட்டு கூண்டுக்குள் இருக்கும் கிளிக்குத் தரும் பழம்தான்.

இளைஞர்களே! உங்களுள் யாரிடமேனும் ஊரார் நகைக்கும் திறமை ஒன்று ஒளிந்திருக்கலாம். பறையடிக்கத் தெரிந்திருக்கலாம், மண்ணைத் தொட்டே ஈரத்தின் அளவு சொல்லத் தெரிந்திருக்கலாம். அதை மறைக்காதீர்கள். குலப்பெருமையாகவும் ஆக்காதீர்கள். "நான் கற்றேன்; விரும்புவோருக்குக் கற்பிப்பேன்; வேண்டுமானால் வேறொன்றும் கற்பேன்" என்று சொல்லுங்கள். பிறப்பின் பெயரால் பெருமை பேசுவோரிடம் இல்லாத சொல் அது.