மேய்ப்பர் சொல்லாத இடம்

ஒருவர் தம் வாழ்நாளெல்லாம் தேடிக் காத்தவற்றை யாரிடம், எந்த வடிவில் ஒப்படைத்துச் செல்வது என்ற கேள்விக்கு உயில், அறக்கட்டளை, அருங்காட்சியகம் என்னும் மூன்று விடைகளை இக்காலம் வகுத்து வைத்திருக்கிறது. பிள்ளைகள் உள்ளோருக்கு நான்காவது விடை ஒன்றும் உண்டு என்றாலும், அது பிள்ளைகளின் மனத்தைப் பொறுத்தது என்பதால் அதனை நம்பிக்கை எனலாமே அன்றி ஏற்பாடு எனல் ஆகாது. இங்கிலாந்தின் வடமேற்கில் மலைகளும் ஏரிகளும் நெருங்கிக் கிடக்கும் ஏரி மாவட்டத்தில், பண்ணைகளையும் கல்வீடுகளையும் ஆட்டு மந்தைகளையும் அழியாமல் காப்பதில் முப்பத்தெட்டு ஆண்டுகளைச் செலவிட்ட பியாட்ரிக்ஸ் பாட்டர் (1866–1943) முதல் மூன்று விடைகளையும் குறைவின்றிக் கையாண்டவர். ஆயினும் தம் உடலின் சாம்பலைப் பொறுத்தமட்டில் அவர் மூன்றையும் விலக்கிவிட்டு, அதனை ஓர் ஆட்டு மேய்ப்பரின் நினைவுக்கு ஒப்படைத்தார் என்பதே இக்கட்டுரையாசிரியரை நெடுநாளாக உறுத்திவரும் செய்தி.

செய்தி சிறியது. 1943 டிசம்பர் 22 அன்று பாட்டர் காலமானார், உடல் எரியூட்டப்பட்டது, அவரிடம் பல ஆண்டுகள் மந்தையைப் பார்த்துவந்த டாம் ஸ்டோரி என்பவர், தமக்கு மட்டும் குறிப்பிடப்பட்டிருந்த ஓர் இடத்தில், நியர் சோரி என்னும் சிற்றூருக்கு மேலேயுள்ள குன்றுப் பகுதியில், சாம்பலைத் தூவினார். அந்த இடம் எது என்பதை அவர் ஊராரிடம் சொல்லவில்லை. முதுமையில் தம் மகனிடம் மட்டும் சொன்னார். மகனும் வெளியிடாமலே இறந்தார். இரண்டு தலைமுறைகளோடு அந்த அறிவு முடிந்துபோயிற்று.

எதையும் தொலைத்துவிடும் இயல்புடைய ஒருவர் இவ்வாறு செய்திருந்தால் அதில் வியப்பதற்கு ஒன்றும் இல்லை. பாட்டரோ அதற்கு நேர் மாறானவர். 1902இல் வெளிவந்த பீட்டர் முயல் கதை முதலான சிறுவர் நூல்களின் வருவாயைக் கொண்டு 1905இல் நியர் சோரியில் ஹில் டாப் என்னும் சிறு பண்ணையை அவர் வாங்கினார். அவ்வாண்டு கோடையில்தான், தம் நூல்களை வெளியிட்ட குடும்பத்தைச் சேர்ந்த நார்மன் வார்னைத் திருமணம் செய்துகொள்ள அவர் இசைந்திருந்தார். வணிகக் குடும்பத்தில் பெண் கொடுப்பது தகுதிக்குக் குறைவு என்று பெற்றோர் எதிர்த்துக்கொண்டிருந்தபோதே, ஒரு மாத அளவில், ஆகஸ்டு 25 அன்று, நார்மன் இரத்தப் புற்றுநோயால் இறந்துபோனார். கதைப் படங்களுக்கு மாதிரியாக வைத்து வரைவதற்கென்று நார்மன் வாங்கி அனுப்பிய, பொம்மை வீட்டுக்குரிய விரலளவுப் போலி உணவுப் பண்டங்கள் ஹில் டாப்பில் இன்றும் இருக்கின்றன. 1913இல் உள்ளூர் வழக்கறிஞர் வில்லியம் ஹீலிஸை மணந்து பக்கத்து வீட்டுக்குக் குடிபோன பின்னும், ஹில் டாப்பை அவர், பழைய ஓக் மர அலமாரியும் நெட்டைக் கடிகாரமும் பீங்கான் தட்டுகளும் வைத்தது வைத்தபடி இருக்கும் இடமாகப் பேணினார். தாம் விட்டுச்சென்ற நிலையிலேயே அந்த அறைகள் இருக்க வேண்டும் என்பதே அவருடைய விருப்பமாக இருந்தது. 1946 முதல் மக்கள் அங்கே சென்று பார்த்துவருகின்றனர். ஒரு தட்டு எந்த மூலையில் நிற்க வேண்டும் என்பதில்கூடக் கருத்துடையவராயிருந்த அதே கைதான், தன் சாம்பல் எங்கே என்பதற்கு எழுத்தில் ஒரு சான்றும் வைக்காமல் சென்றிருக்கிறது.

இந்த முரணைத் தன்னடக்கம் என்ற ஒரு சொல்லால் தீர்த்துவிடலாம். அது பொருந்தாத விடை என்றும் சொல்ல முடியாது. ஊரில் அவர் புகழ்பெற்ற எழுத்தாளராக அன்றித் திருமதி ஹீலிஸாகவே அறியப்பட விரும்பினார். உள்ளூர்க் கம்பளித் துணியில் தைத்த முரட்டு உடையும் மரக்கட்டைக் காலணியுமாக ஆட்டுச் சந்தைகளில் நின்றார். சிற்றூர்களுக்குச் செவிலி ஒருவரை அமர்த்தும் ஏற்பாட்டில் முன்னின்றார். ஆடு வளர்ப்போர் சங்கத்தின் தலைமைக்கு 1943இல் தேர்ந்தெடுக்கப்பட்டு, பொறுப்பேற்குமுன் இறந்தார். ஆனால் தன்னடக்கம் உள்ளவர் கல்லறையில் சிறிய கல் ஒன்றை நடச் சொல்வார், அல்லது கல்லே வேண்டாம் என்பார். இடத்தைத் தாமே தேர்ந்து, அதை ஒருவரிடம் மட்டும் சொல்லிச் செல்வது அடக்கத்தைக் காட்டிலும் வேறான ஒன்று.

அந்த வேறான ஒன்றை விளங்கிக்கொள்ள அவர் காத்த ஆடுகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஹெர்ட்விக் என்பது ஏரி மாவட்டத்துக்கே உரிய ஆட்டினம். குட்டி கறுப்பாகப் பிறந்து, வளர வளரப் பழுப்பேறி, முதிர்ந்தபின் சாம்பல் நிறம் கொள்ளும். அதன் கம்பளி முரடானது என்பதால் சந்தையில் விலை பெறாமல், இனமே அருகிவிடும் என்ற அச்சம் பாட்டரின் காலத்தில் இருந்தது. பள்ளத்தாக்கின் வயல்களுக்குக் காரை இல்லாமல் அடுக்கிய கற்சுவர்கள் உண்டு. ஃபெல் எனப்படும் மேட்டு மலைப்புறத்துக்கோ பெரும்பாலும் வேலியோ சுவரோ கிடையாது. ஆயினும் ஒவ்வொரு பண்ணையின் ஆடும் தனக்குரிய மலைப்பகுதியிலேயே மேய்கிறது. தாயோடு முதல் கோடையில் மேயும் குட்டி, எந்தப் பாறை தன் எல்லை, எந்த ஓடைக்கு அப்பால் அயலார் மந்தை என்பதைத் தாயிடமிருந்து பழகிக்கொள்கிறது. பின்னர் தன் குட்டிக்கு அதையே பழக்குகிறது. இவ்வாறு ஆட்டின் உடலில் பதிந்துவிட்ட மேய்ச்சல் எல்லையை அவ்வட்டாரத்தார் ஹீஃப் என்று அழைக்கின்றனர். பண்ணை கைமாறும்போது மந்தை அதனுடன் கைமாறுவதற்கும் இதுவே காரணம். குத்தகைக்கு வருபவர் நிலத்தோடு ஆடுகளையும் எண்ணி ஏற்று, விலகும்போது அதே எண்ணிக்கையையும் தரத்தையும் திருப்பி ஒப்படைக்க வேண்டும்.

1923இல் ட்ரவுட்பெக் பார்க் என்ற பெரும் பண்ணையையும், 1930இல் மங்க் கோனிஸ்டன் நிலத்தொகுதியையும் பாட்டர் வாங்கியது, அந்நிலங்கள் துண்டுதுண்டாக விற்கப்பட்டுச் சுற்றுலா வீடுகளாகிவிடாமல் தடுப்பதற்காகவே. இரண்டாவதில் பாதியை வாங்கிய விலைக்கே தேசிய அறக்கட்டளைக்குக் கொடுத்தார். இயற்கை எழில் மிக்க இடங்களையும் பழைய கட்டடங்களையும் மக்கள் பொதுவில் காக்கும் பொருட்டு 1895இல் தோன்றிய அவ்வமைப்பின் நிறுவனர்களுள் ஒருவரான ரான்ஸ்லி பாதிரியாரை அவர் பதினாறு வயதிலேயே அறிந்தவர். இறுதியில் 4,000 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தையும் பத்துக்கு மேற்பட்ட பண்ணைகளையும் கணவரின் காலத்துக்குப்பின் அவ்வறக்கட்டளைக்கே சேரும்படி எழுதிவைத்தபோது, மலைப்பண்ணைகளின் மந்தைகள் கலப்பற்ற ஹெர்ட்விக் இனமாகவே தொடர வேண்டும் என்பதையும் அவர் சேர்த்துக்கொண்டார். பழைய கட்டடத்தைக் காப்பவர்கள் பலர் இருக்க, அக்கட்டடத்துக்குப் பொருள் தரும் தொழிலையும், அத்தொழிலைத் தாங்கும் விலங்கின் நினைவையும் சேர்த்துக் காக்க வேண்டும் என்று உணர்ந்தவர்கள் அக்காலத்தில் அரியவர்.

இவ்விடத்தில் கட்டுரை தன் வழியிலிருந்து சற்று விலகுவதைத் தவிர்க்க இயலவில்லை. இக்கட்டுரையாசிரியரின் சிறுவயதில், ஒரு தெருவின் ஆடுகளையெல்லாம் ஒரே ஆள் காலையில் ஓட்டிச் சென்று, பொழுது சாயத் தெருமுனையில் கொண்டுவந்து விட்டுவிடும் வழக்கம் இருந்தது. அதற்குமேல் எவரும் அவற்றை ஓட்டுவதில்லை. புழுதிக்குள்ளே கூட்டமாக வரும் ஆடுகள், ஒவ்வொரு வாசலிலும் இரண்டு மூன்றாகப் பிரிந்து தத்தம் வீட்டுக்குள் நுழையும். அடுத்த தெருவுக்கு விற்கப்பட்ட ஆடு மட்டும் சில நாட்கள் பழைய வாசலில் வந்து நிற்கும். வீட்டிலிருந்த பாட்டி அதைத் துரத்தியதில்லை. கழுநீர் வைத்துவிட்டு, வாங்கியவர் கயிற்றோடு வரும்வரை திண்ணையில் உட்கார்ந்திருப்பார். ஆடு பணத்துக்குக் கைமாறிவிட்டது என்பதும், அதன் கால்களுக்கு அது இன்னும் தெரியவில்லை என்பதும் ஒரே நேரத்தில் உண்மையாக இருந்த அந்தச் சில நாட்களை, ஹீஃப் என்ற சொல்லைப் படித்த அன்றுதான் இக்கட்டுரையாசிரியர் மீண்டும் நினைத்துப் பார்க்க நேர்ந்தது. அறிவு ஏட்டில் மட்டும் இருப்பதில்லை, காலிலும் இருக்கிறது. காலில் இருப்பதை உயிலில் எழுத வழியில்லை.

பாட்டர் தம் சாம்பலை மேய்ப்பரிடம் ஒப்படைத்ததை இந்த வகையில் ஒரு ஹீஃப் என்று கொள்ளலாமா? பத்திரம் இல்லை, எல்லைக்கல் இல்லை. அந்த மலைப்புறத்தைக் காலால் அறிந்த ஒருவர் இருக்கிறார், அவர் போதும் என்ற எண்ணமாக அது இருக்கக்கூடும். இந்த விளக்கம் அழகானது. அழகாக இருப்பதனாலேயே ஐயத்துக்கும் உரியது. ஏனெனில் தாய் ஆடு குட்டிக்குப் பழக்காவிட்டால் அதோடு ஹீஃப் முடிந்துவிடுகிறது. 2001இல் பிரிட்டனில் கோமாரி நோய் பரவி ஆடுமாடுகள் கூட்டங்கூட்டமாகக் கொல்லப்பட்டபோது, ஏரி மாவட்டத்தார் அஞ்சியது இதற்காகவே. இனத்தின் மரபுக்கூறுகளை உறைநிலையில் சேமித்துவைக்கும் முயற்சி அப்போது தொடங்கப்பட்டது. ஹெர்ட்விக் என்ற விலங்கை அவ்வாறு சேமிக்க முடியும், அது எந்த ஓடையில் திரும்ப வேண்டும் என்ற அறிவைச் சேமிக்க முடியாது. ஸ்டோரியின் மகன் எவரிடமும் சொல்லாமல் இறந்த நாளில் நிகழ்ந்ததும் ஒரு மந்தை அழிவுதானே என்று கேட்கத் தோன்றுகிறது.

மற்றொரு செய்தி இதனை மேலும் சிக்கலாக்குகிறது. இலண்டனில், மூன்றாம் மாடிக் குழந்தைகள் அறையில், தோழர்கள் இன்றித் தம்பியோடும் வளர்ப்பு முயல்களோடும் வளர்ந்த பாட்டர், ஏறத்தாழப் பதினைந்து வயது முதல் முப்பது வயது வரை தாமே அமைத்த சங்கேத எழுத்தில் நாட்குறிப்பு எழுதிவந்தார். எவரும் படிக்கலாகாது என்று எழுதப்பட்ட அந்தப் பக்கங்களோடு லெஸ்லி லிண்டர் என்பவர் பல ஆண்டுகள் போராடி, 1958இல் ஒரு பக்கத்தில் தெளிவாகத் தென்பட்ட உரோம எண்ணையும் 1793 என்ற ஆண்டையும் பற்றிக்கொண்டு, அது பதினாறாம் லூயி மன்னன் கொல்லப்பட்ட ஆண்டு என ஊகித்து, முழுவதையும் திறந்துவிட்டார். எல்லோரிடமிருந்தும் மறைத்து எழுதியது நூலாகிவிட்டது. ஒருவரிடம் வாய்விட்டுச் சொன்னதோ இன்னும் திறக்கப்படவில்லை. தாளைவிட மனிதர் உறுதியான பூட்டு என்று பாட்டர் அறிந்திருந்தாரோ என்னவோ. அறிந்திருந்தால், அவர் நாடியது நினைவில் தொடர்வதையா, நினைவோடு முடிந்துபோவதையா?

இறந்தோர்க்குக் கல் நடும் மரபைத் தொல்காப்பியம் ஆறு நிலைகளாகப் பகுக்கிறது. கல்லைத் தேடிக் காண்பதும், அதனைக் கொண்டுவருவதும், நீராட்டுவதும், நடுவதும், படையலிடுவதும், வாழ்த்துவதுமாகிய அந்த நிரல், கல்லூரியில் மனப்பாடமாகப் படித்த காலத்தில் சாவைப் பற்றியது என்றே நினைவில் பதிந்திருந்தது. அண்மையில் மீண்டும் பார்த்தபோதுதான் அந்த ஆறனுள் இறந்தவர் செய்வது ஒன்றுமில்லை, ஆறும் எஞ்சியோர் செய்யும் வேலை என்பது கண்ணில் பட்டது. ஒருவரைக் காத்துவைக்க ஊர் முழுவதும் உழைக்க வேண்டும் என்று அம்மரபு கருதியது. தம் ஊருக்காக உழைத்த பாட்டர், தமக்காக ஊர் உழைக்க வேண்டாம் என்று கருதினார் போலும். ஒரு மேய்ப்பரின் ஒரு பிற்பகல் போதும் என்றும், அதன்பின் அவரது மௌனம் போதும் என்றும்.

ஆயினும் அந்த மௌனத்தின் பொருள் பிடிபடவில்லை. ஹில் டாப்பைக் காணக் கூடும் கூட்டத்தைப் பார்த்த எவரும், சாம்பல் தூவிய இடம் தெரிந்திருந்தால் அங்கும் ஒரு நடைபாதை தேய்ந்து, ஒரு பலகை முளைத்து, புல் அழிந்திருக்கும் என்பதை எளிதில் ஊகிக்கலாம். இடம் தெரியாமையால் அதனைத் தனியாகக் காக்க வழியில்லை. காப்பதானால் குன்று முழுவதையும் காக்க வேண்டியிருக்கிறது. பாட்டரின் வாழ்நாள் வேலைக்கு இதைவிடப் பொருத்தமான முடிவு இல்லை என்று சொல்லிக் கட்டுரையை இங்கே நிறுத்தலாம். ஆனால் இழந்த ஒன்றுக்கு ஈடாக மனம் கட்டிக்கொள்ளும் காரணமும் இப்படித்தான் இருக்கும். மகன் சொல்லாமல் விட்டது தந்தைக்குக் கொடுத்த வாக்கினாலா, கேட்டவர் எவரும் தகுதியுடையவராகத் தோன்றாமையாலா, அல்லது சொல்லலாம் என்று தள்ளிப்போட்டுக்கொண்டிருந்த நாட்களில் காலம் முந்திக்கொண்டதனாலா என்பது தெரிந்தாலன்றி, அந்த இடம் காக்கப்பட்டதா தொலைந்ததா என்று தீர்ப்புக் கூற இயலாது. பழைய வாசலில் வந்து நின்ற ஆடு திரும்பி வந்ததா, வழி தவறியதா என்று பாட்டியும் ஒருபோதும் சொன்னதில்லை. கழுநீர் வைத்தார், அவ்வளவே.